பொட்டு வைத்த அலமாரி

இப்படிக் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் வலித்தால் நீட்டிக்கொள்ளுங்கள். அலமாரிக்குப் பொட்டு வைத்து அதன் கண்ணை அவித்த ஒரு அறிவாளியின் கதை சொல்கிறேன்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். இரும்புலியூர் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அதன் ஆபரேஷன் தியேட்டரில் தையல் நூலும் பஞ்சும் கையுறையும் எடுத்துக் கொடுப்பவள் கங்கம்மா. கோவளத்து மீனவர் குப்பத்தில் பிறந்தவள். டாக்டர் வாய் திறக்குமுன்பே எந்த நூல் என்று தெரிந்துவிடும். பதினெட்டு வருஷமாக அந்தத் தியேட்டர்தான் அவளுக்கு உலகம்.

மேனேஜர் பத்ரிநாராயணன் அந்தச் சாமான்களை வைக்கப் புதிதாகக் கம்ப்யூட்டர் அலமாரி வாங்கி நிறுத்தினார். கண்ணாடியில் விரல் வைத்தால் கதவு திறக்கும். எடுத்ததை அதுவே குறித்துக்கொள்ளும். அலமாரி மேல் குறை இல்லை. குறையெல்லாம் வாங்கியவரிடம். "எலக்ட்ரானிக் அலமாரிக்குச் சாவி எதுக்கு?" என்று, கூட வந்த சாவியைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிய மகான் அவர்.

ஒரு வாரம் கங்கம்மா உட்பட எல்லோருக்கும் கதவு திறந்தது. அப்புறம் ஆயுத பூஜை வந்தது. மேனேஜர் தம் கையாலேயே சந்தனம் குழைத்து, குங்குமம் சேர்த்து, அலமாரி நெற்றியில் தாராளமாக அப்பினார். நெற்றி என்று அவர் நினைத்தது, விரல் வைக்கிற கண்ணாடி.

விஜயதசமி லீவு முடிந்து காலையில் கங்கம்மா விரல் வைத்தாள். அலமாரி 'கீ' என்று கத்தியது. மறுபடி வைத்தாள். மறுபடியும் கத்தல்.

"இன்னா சார் இது? பூஜைக்கு முன்னாடி வரிக்கும் என்னைத் தெரிஞ்சிகினுதானே இருந்துச்சு?"

"மீன் ஆய்ஞ்ச கைம்மா. ரேகையெல்லாம் தேஞ்சிருக்கும். மெஷின் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துது, பாவம்," என்றார் பத்ரிநாராயணன். அலமாரியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேரே ரூமுக்குப் போய், நாளையிலிருந்து அவளுக்குத் துணி துவைக்கும் பிரிவில் வேலை என்று கடிதம் அடித்துக்கொண்டு வந்து நீட்டினார்.

கங்கம்மா தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதினெட்டு வருஷம் தேயாதது ரெண்டு நாளில் தேயுமா?

அதற்குள் ஒரு சிசேரியன் வந்துவிட்டது. தட்டில் மிச்சமிருந்த நூலை வைத்து ஆரம்பித்தார்கள். குழந்தை வெளியே வந்து அழுதது. தாய்க்குத் தையல் போடும்போது நூல் தீர்ந்தது.

"நூல் எங்க?" டாக்டர் ஷர்மிளாவின் குரல் உள்ளேயிருந்து வந்தது.

மேனேஜர் கம்பீரமாக விரல் வைத்தார். 'கீ.' கட்டை விரல். 'கீ.' நர்ஸ் அஞ்சலி ஓடி வந்து வைத்தாள். 'கீ.' திரையில் மட்டும் அழகாக எழுதியிருந்தது: நூல், நாற்பத்திரண்டு பாக்கெட்.

"நீங்களுமா சார் மீன் ஆய்ஞ்சீங்க?" என்றாள் அஞ்சலி.

 மேனேஜர் கம்பெனிக்குப் போன் போட்டார்; யாரும் எடுக்கவில்லை.

கங்கம்மா குனிந்து பார்த்தாள். கண்ணாடி மேல் காய்ந்த சந்தனம், ஓடு மாதிரி.

"நவுருங்க சார். நீங்க வச்ச பொட்டு கீது பாருங்க, இதான்."

துடைக்கப் பஞ்சு வேண்டும். பஞ்சு அலமாரிக்குள்ளே. கையில் இருந்தது அந்தக் கடிதம்தான். குழாயில் நனைத்தாள், கசக்கினாள், அழுத்தித் துடைத்தாள். சந்தனமும் குங்குமமும் மேனேஜர் கையெழுத்தும் ஒன்றாகக் கரைந்து வழிந்தன. தன் விரலை வைத்தாள்.

கதவு திறந்தது.

அரை மணி கழித்துத் தாயும் பிள்ளையும் நல்லபடியாக வார்டுக்குப் போனார்கள். டாக்டர் ஷர்மிளா வெளியே வந்து, தரையில் கிடந்த சிவப்பு உருண்டையைப் பார்த்தார்.

"என்ன பத்ரி சார் இது?"

"ஒண்ணுமில்ல மேடம். சும்மா ஒரு பேப்பர்."

மறுநாள் அலமாரியில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது: 'கண்ணாடியைச் சுத்தமாக வைத்திருக்கவும். இப்படிக்கு, பத்ரிநாராயணன்.' தானே கண்டுபிடித்த மாதிரி! கங்கம்மா அதைப் படித்துச் சிரித்துவிட்டு, கண்ணாடியை ஒரு துடை துடைத்து, விரல் வைத்து நூல் எடுக்கப் போனாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் சுகமாகப் பிறக்கட்டும், கண்ணுகளா. அவர்களைத் தொட்டுத் தூக்குகிற கைகளுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.