இடுப்புக்கு ஏறிய வலி

எனக்கு வாய் நீளம் என்று ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தெரியும். சொன்ன பேச்சைக் கேட்காத நோயாளி என்றால் யார் எவர் என்று பார்க்கமாட்டேன், ஏசிவிடுவேன். பிசியோதெரபி படித்து முடித்து மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்த புதிது அது. எண்பத்தொன்றாம் வருஷம். என் அறைக்கு ‘கரண்டு வைக்கிற ரூம்’ என்று பேர். நான் டாக்டர் இல்லை, என் பேர் விக்டோரியா என்று எத்தனை தடவை சொன்னாலும் டாக்டரம்மாதான்.

அந்த அறைக்கு நல்லகாமனை அவன் அண்ணன் விருமாண்டி முதுகில் சுமந்துகொண்டு வந்தார். பின்னாலேயே அவன் பெண்டாட்டி ஒச்சாயி. கீழக்குயில்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். நெல் மூட்டையைத் தூக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. இடுப்பில் பிடித்த வலி தொடை, கெண்டைக்கால் என்று ஓடிச் சுண்டுவிரலில் போய் நின்றது. முப்பது வயதுகூட ஆகாத ஆம்பளை அழுத அழுகையில் எனக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது.

“மறுபடி நடந்துபோயி ஏரு பிடிப்பேனா டாக்டரம்மா? அதை மட்டும் சொல்லுங்க.”

“பிடிப்ப. நான் சொல்றதைக் கேட்டா பிடிப்ப.”

படித்ததை அப்படியே சொன்னால் யாருக்குப் புரியும்? பூரணக் கொழுக்கட்டையின் முன்பக்கத்தை அமுக்கினால் பூரணம் பின்பக்கம் பிதுங்குகிறதல்லவா, அதுபோல முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை பிதுங்கிக் காலுக்குப் போகிற நரம்பை நெரிக்கிறது என்றேன். குனியாதே, பாரம் தூக்காதே. குப்புறப் படு. முழங்கையை ஊன்றி நெஞ்சை நிமிர்த்து. பிறகு கையை நீட்டி இன்னும் நிமிர்த்து.

“கால்ல இருக்கிற வலி கொஞ்சங்கொஞ்சமா மேல வரும். விரலை விட்டுப் போயிரும், கெண்டைக்காலை விட்டுப் போயிரும், கடைசில இடுப்புல மட்டும் நிக்கும். அங்க முன்னைவிட ஜாஸ்தியாக்கூட வலிக்கும். பயப்படாதீங்க. நரம்பு விடுபடுதுன்னு அர்த்தம்” என்றேன்.

மூன்று பேரும் தலையாட்டினார்கள். விருமாண்டியின் முகம் மட்டும் சரியில்லை. அந்த வட்டாரத்தில் பாம்புக்கடிக்கு மந்திரிக்கிறவர் அவர். வேப்பங்குலையால் தலையிலிருந்து கால்வரைக்கும் தடவி விஷத்தை இறக்குவார். அவர் கணக்கில் இறங்கினால் ஆள் பிழைக்கும், ஏறினால் பாடை கட்ட வேண்டியதுதான். ஆயுசு பூராவும் அப்படியே பார்த்துப் பழகிய மனுஷரிடம் போய் வலி ஏறினால் நல்லது என்கிறேன்.

ஒச்சாயி சமாச்சாரம் வேறு. அவள் காலால் பிறந்தவள். தலை வராமல் கால் முதலில் வந்து பிறந்தவர்கள் ஒரு மிதி மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்தில் சாதி மதம் பார்க்காத நம்பிக்கை. என் அப்பா ஆசீர்வாதம் மிஷன் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர். அவரே ஒத்தக்கடையில் ஒரு காலால் பிறந்தவன் வீட்டுக்குப் போய்க் குப்புறப் படுத்து மிதி வாங்கிவிட்டு, ஜெபமும் பண்ணிவிட்டு வந்தவர். ஒச்சாயி வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் கூட்டம் நிற்குமாம். தன்னைப் பெண் கேட்டு வந்ததே இந்தக் காலுக்காகத்தான் என்று சொல்லிச் சிரிப்பாள்.

“பூ மாதிரித்தான் வைப்பேன் டாக்டரம்மா, நோகாது” என்றாள்.

“பூவும் வேணாம் நாரும் வேணாம். உன் காலு அவன் முதுகுல பட்டுச்சு, நான் பொல்லாதவளாயிருவேன்.”

“ஆத்தி! மாட்டேன் டாக்டரம்மா.”

நல்லகாமன் சொன்னதைச் செய்தான். அதைச் சொல்லத்தான் வேண்டும். வாரம் ஒருமுறை பஸ் ஏறி வந்தான். விரலில் மதமதப்பு போயிற்று, கெண்டைக்கால் லேசாயிற்று. ஒருநாள் பெண்டாட்டி தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே உள்ளே வந்து, “காலு சுத்தமா வலிக்கல. இடுப்புத்தான் கொல்லுது டாக்டரம்மா” என்று பல்லைக் கடித்தான்.

“சபாஷ்!” என்று கை தட்டினேன்.

விருமாண்டிக்கு முகம் கறுத்துவிட்டது. “எந்தம்பி உசுரு போற மாதிரி துடிக்கிறான். நீங்க கை தட்டுறீங்க.”

கொழுக்கட்டையை மறுபடி முதலிலிருந்து சொன்னேன். புத்தி பேதலித்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார்.

அதற்கு அடுத்து நடந்தது ஒச்சாயி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நல்லகாமன் வாசலில் பாய் விரித்து, கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்தானாம். விருமாண்டி பார்த்திருக்கிறார்.

“படமெடுத்த பாம்பு கணக்கா கெடக்கானே! இப்படிக் கெடந்தா ஏறாம என்ன செய்யும்? காலுல கெடந்தது இடுப்புக்கு வந்துருச்சு. நாளைக்கு நெஞ்சுக்கு வந்தா யாரு பதில் சொல்றது? எறக்கணும். ஏ ஒச்சாயி, வா இங்க.”

“டாக்டரம்மா வையும் மாமா.”

“உன் புருசன் சாகட்டுங்கிறியா?”

அவள் நல்லகாமனைப் பார்த்திருக்கிறாள். அவனுக்கும் பயம் பிடித்துவிட்டது. “மிதிடி” என்றானாம்.

வழக்கம்போல வலது காலை மட்டும் லேசாக வைத்தாள். அப்படியில்லை, ஏறி நில், நல்லா அழுத்திக் காலுப் பக்கம் தள்ளு என்று விருமாண்டி அதட்டினார். ஏறினாள். இரண்டு காலாலும் நின்றாள். பாதத்துக்கடியில் என்னவோ நழுவியது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நல்லகாமன் கத்தவில்லை. சிரித்தான். “வலி போச்சுண்ணே! அம்புட்டும் போச்சு!” என்றானாம். விருமாண்டி சூடம் கொளுத்திக் கும்பிட்டார். எந்திரிடா என்றபோதுதான் அவனுக்கு இரண்டு காலிலும் உணர்வே இல்லாதது தெரிந்தது. வேட்டி நனைந்துகொண்டிருந்தது. அதுவும் அவனுக்குத் தெரியவில்லை.

பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து உயிரைக் காப்பாற்றி அனுப்பினார்கள். தள்ளுவண்டியில் மறுபடி என்னிடம் வந்தான். வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

விருமாண்டி வாராவாரம் ஊரிலிருந்து அவனைக் கொண்டுவருவார், மாதக்கணக்கில் அவன் காலோடு மல்லுக்கட்டினேன். ஒவ்வொரு விரலாகப் பிடித்து அசைத்து, கரண்டு வைத்து, கம்பியைப் பிடித்து நிற்க வைத்து, விழுந்தால் தூக்கி. பீத்துணி மூத்திரத்துணி அலசினதெல்லாம் ஒச்சாயி. அவளோடு அவன் பேசுவதை நிறுத்தியிருந்தான். தண்ணீர் வேண்டும் என்றால்கூட என்னிடம் கேட்பான். ஊரிலோ, ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நின்ற அதே சனம் அவள் கால் வைத்த நேரந்தான் குடும்பம் விளங்காமல் போயிற்று என்றது. விருமாண்டியை ஒரு ஆள் ஒரு சொல் சொல்லவில்லை.

பிறகு ஒச்சாயி வரவில்லை. ஆத்தா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார் விருமாண்டி. நானும் நம்பினேன். அந்தச் சமயத்தில்தான் நல்லகாமனின் வலது பாதம் அசைந்தது. அன்றைக்கு அறையில் இருந்த எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் வலது கால் நன்றாகத் தூக்கியது. இடது பாதம் மட்டும் தொங்கித் தரையில் இழுபட்டது. கம்பை ஊன்றி நடந்தான். நடந்தான்! எனக்கு அது போதும்.

ஒருநாள் அவனுக்குப் பின்னால் ஒச்சாயியும் வந்தாள். வலது காலின் ஓரத்தை மட்டும் தரையில் வைத்து, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். பாதத்தில் துணி சுற்றியிருந்தது.

“என்ன காலுல?”

“ஒண்ணுமில்ல டாக்டரம்மா.”

உட்கார வைத்துத் துணியை அவிழ்த்தேன். உள்ளங்கால் முழுக்க வெந்து, பாதி ஆறி, பாதி சீழ் வைத்திருந்தது. கருக்கரிவாளைப் பழுக்கக் காய்ச்சி விருமாண்டி சூடு வைத்திருக்கிறார். பிடித்துக்கொண்டவர்கள் ஊர்ப் பெண்கள். நல்லகாமன் வீட்டுக் கட்டிலில் படுத்துப் பார்த்திருக்கிறான்.

“மனுசனாடா நீ?” என்று கத்தினேன்.

அவன் கோபப்படவே இல்லை. எனக்கு விவரம் பத்தாது என்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னான். “மிதிச்ச கால் தோசம் டாக்டரம்மா. சூடு வச்ச மறுவாரமே எனக்கு வலது காலு அசைஞ்சுச்சுல்ல? நீங்கதான காபி வாங்கிக் குடுத்தீங்க.”

“அது நான் மாசக்கணக்கா பாடுபட்டதுடா! நரம்பு துளுத்து வர அம்புட்டு நாளாகும். இவளைச் சுட்டதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

ஒச்சாயி என் கையை மெல்லப் பிடித்தாள்.

“எனக்கு வருத்தமில்ல டாக்டரம்மா. அவரு நடக்குறாருல்ல, அது போதும். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். நான் ரெண்டு காலுலயும்தான மிதிச்சேன்? வலது காலுல வச்சாக, அவருக்கு வலது காலு வந்துருச்சு. இடதுலயும் வச்சிட்டா அதுவும் வந்துருமா? வர்ற வெள்ளிக்கெழம வைக்கலாம்னு மாமா சொல்லுது.”

எனக்கு வாயடைத்துப்போனது ஆயுசில் அன்றைக்கு ஒருநாள்தான். பிறகு கத்தினேன், கெஞ்சினேன். இடது பாதமும் தன்னால் வரும், நான் வரவைக்கிறேன் என்றேன். எம்புட்டு நாளாகும் என்று நல்லகாமன் கேட்டான். என்னால் நாள் சொல்ல முடியவில்லை.

“வேணாம்னு சொல்லுடி. மாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணு” என்று ஒச்சாயியிடம் கையை நீட்டினேன்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் குனிந்து தன் இடது பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.