எழுபத்தொன்றாவது பந்து

முப்பத்தோரு வருஷத்தில் லூரீன் டக்கெட் மீன்கொத்திகளின் உள்ளூர் ஆட்டம் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை என்று ஊரில் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. பித்தப்பையை எடுத்த வாரம் இரண்டு ஆட்டங்களுக்கு அவளால் போக முடியவில்லை. அந்த இரண்டையும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி ரேடியோவில் கேட்டு, ஒவ்வொரு பந்தையும் நோட்டில் குறித்துக்கொண்டாள். ஊசி போட வந்த நர்ஸிடம், "இந்த இன்னிங்ஸ் முடியட்டும்மா, அப்புறம் எங்க வேணா குத்து," என்றாளாம்.

மீன்கொத்திகள் என்றால் டன்மோர் கல்லூரியின் பேஸ்பால் அணி. மிசிசிப்பியின் அந்த மூலையில் பிப்ரவரி பிறந்தால் பேச்செல்லாம் அதுதான். மைதானத்தின் வலது வேலிக்கு வெளியே, ஓடாத பழைய லாரிகளின் முதுகில் பலகை அடித்து ரசிகர்கள் இருக்கை கட்டியிருந்தார்கள். எந்தப் பலகை யாருக்கு என்பதை ரசிகர் சங்கம்தான் முடிவு செய்யும். லூரீனுக்கு முன்வரிசையில் ஓர் இடம். பக்கத்து இடம் ஹாய்ட் சம்ராலுக்கு. கெளுத்தி மீன் பண்ணையை விற்றுவிட்டு ஓய்வாக இருந்தவர், சங்கத்தின் தலைவரும் அவர்தான். அவர் பீப்பாய் அடுப்பில் பன்றித் தோள்கறியைப் புகையில் வாட்டுவார். லூரீன் பெரிய பானையில் உப்புப் போட்டு வேர்க்கடலை அவிப்பாள்.

"நீ எழுதலைன்னா ஆட்டம் நின்னுடுமா லூரீன்?" என்று ஹாய்ட் கிண்டல் செய்வார்.

"ஆட்டம் நிக்காது. நாளைக்கு நீ வந்து அளப்ப பாரு, அதை நிறுத்த ஒரு கணக்கு வேணாமா?"

வேலைக்கு அவள் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். இருபத்தேழு வருஷம். தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியைப் பார்த்தே எந்தப் பிள்ளைக்கு வாந்தி வரப்போகிறது, எது அழுகையை அடக்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

அந்த வருஷம் அணியின் உயிர் டால்டன் பீவிதான். இருபத்தொரு வயசு, இடது கையால் பந்து எறியும் பிட்சர். ஜூலையில் தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும்போது அவனை நிச்சயம் எடுப்பார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. பயிற்சி முடிந்ததும் வேலிக்கு வந்து கம்பி இடுக்கில் கையை நீட்டுவான். "மிஸ் லூரீன், இன்னைக்குக் கடலை உண்டா, இல்ல ஹாய்ட் சாரே எல்லாத்தையும் முடிச்சிட்டாரா?" அவள் ஒரு காகிதப் பை நிறையக் கொடுப்பாள்.

மே மாதக் கடைசியில் லீக் கோப்பைப் போட்டி டன்மோரிலேயே நடந்தது. வெள்ளிக்கிழமை முதல் ஆட்டத்தை டால்டன் ஒருவனே எறிந்து ஜெயித்துக் கொடுத்தான். லூரீனின் நோட்டில் நூற்றிருபத்து நான்கு பந்துகள். அத்தனை எறிந்தவன், கை தேறுவதற்கு ஐந்தாறு நாளாவது பந்தைத் தொடக்கூடாது. வேலி ஓரத்தில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

ஞாயிறு மதியம் இறுதி ஆட்டம். ஜெயித்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம். டன்மோர் அங்கே போய்ப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. ஐந்தாவது இன்னிங்ஸில் நான்குக்கு மூன்று என்று முன்னிலை. எதிரணி ஆட்கள் இரண்டு பேர் ஓடி ரன் எடுக்கத் தயாராகத் தளங்களில் நின்றார்கள். கோச் ஹார்ட்விக் பிட்சரை மாற்றினார். புதிதாக வருகிறவன் டால்டன் என்று நடையைப் பார்த்ததுமே தெரிந்தது, லூரீன் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"இவன் எதுக்கு வர்றான்?"

"ரெண்டு பேரை அவுட்டாக்கிட்டுப் போயிடுவான்," என்றார் ஹாய்ட். "கோச்சுக்குத் தெரியாதா?"

இரண்டு பேரை அவுட்டாக்கினான். ஆறாவது இன்னிங்ஸுக்கும் வந்தான். ஏழாவதுக்கும் வந்தான். ஏழாவதன் முடிவில், தளங்களில் இரண்டு பேர் நிற்க, எதிரணியின் பெரிய மட்டையாளனை மூன்றே பந்தில் வெளியேற்றினான். வலது வேலி முழுக்க எழுந்து ஆடியது. லூரீனும் எழுந்தாள், உள்ளங்கை சிவக்கக் கைதட்டினாள். பிறகு உட்கார்ந்து நோட்டைப் பார்த்தாள். நாற்பத்தாறு.

எட்டாவதில் டால்டன் ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் கையை உதறினான், ஈரக் கையை உதறுவதுபோல. பந்து முன்பு போன இடத்துக்குப் போகவில்லை, ஒரு சாண் மேலே போனது. அவன் முகத்தை அவள் பார்த்தாள். பேருந்துக் கண்ணாடியில் ஆயிரம் தடவை பார்த்த முகம் அது. வலிக்கிறது என்று சொன்னால் கேவலம் என்று நினைக்கிற பிள்ளையின் முகம்.

கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதில் அறுபத்தாறைக் குறித்துவிட்டு எழுந்தாள்.

"எங்க போற?"

"பக்கத்துல போய்ப் பேசிட்டு வரேன்."

"கோச்கிட்டயா? உனக்கென்ன கிறுக்கா லூரீன்?"

வேலியை ஒட்டிய நடைபாதையில் விறுவிறுவென்று நடந்தாள். கோச்சும் ஆட்டக்காரர்களும் உட்காரும் டக்அவுட்டின் ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று தடவை கூப்பிட்டும் ஹார்ட்விக் திரும்பவில்லை.

"கோச், எழுபது ஆகுது. வெள்ளிக்கிழமை நூத்தி இருபத்திநாலு. அந்தப் பிள்ளை கையப் பாருங்க."

அவர் மைதானத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "உங்க இடத்துக்குப் போங்க மிஸ் லூரீன். கடலை ஆறிடப்போகுது."

டக்அவுட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். இடது கைக்காரன் எறியத் தயாராகும்போது முகம் இந்தப் பக்கம்தான் இருக்கும். டால்டன் அவளைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டு எறிந்தான்.

எழுபத்தொன்றாவது பந்து பிடிப்பவனின் தலைக்கு மேல் பறந்து பின்சுவரில் மோதியது. டால்டன் தன் கையை யாருடையதோபோலப் பார்த்தான். பிறகு எறிமேட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

கைமேல் துண்டைப் போட்டு அவனைப் பக்கவாசல் வழியாகக் கூட்டிப்போனார்கள். புதிதாக வந்தவன் இரண்டே பந்து எறிந்தான். இரண்டாவது மேலே எழும்பிப் பிடிபட்டது. ஆட்டம் முடிந்தது. அணி முழுதும் ஓடிவந்து, டால்டன் உட்கார்ந்திருந்த அதே மண்ணில் ஒருவர் மேல் ஒருவராக விழுந்து புரண்டது.

லூரீன் திரும்பி வந்தபோது ஹாய்ட் கண்ணில் நீரோடு கையை விரித்தார். "ஜெயிச்சிட்டோம் லூரீன். பதினாறு வருஷம்."

"அவன் கை போயிடுச்சு ஹாய்ட்."

"சுளுக்கா இருக்கும்."

"நீ என்ன டாக்டரா? கெளுத்தி மீன் வளத்தவன்தான?"

"ஒரு நல்ல நாள்ல ஏன் இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? பையன் மனசார எறிஞ்சான். கொண்டாடு."

அவள் காலால் எட்டி உதைத்ததில் ஐஸ் பெட்டி லாரியிலிருந்து உருண்டு விழுந்து, டப்பாக்களும் ஐஸும் புல்லில் சிதறின. சுற்றி நின்று பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டை நிறுத்தினார்கள். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனாள். பானையைக்கூட எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கல்லூரி இரண்டு வரி அறிக்கை விட்டது. முழங்கைத் தசைநார் கிழிந்துவிட்டது, அறுவை சிகிச்சை நடக்கும், பிரார்த்தனை செய்யுங்கள்.

வியாழக்கிழமைதோறும் மதியம் கோச் ஒரு பார்பிக்யூ கடையில் உட்கார்ந்து உள்ளூர் ரேடியோவில் பேசுவார். ரசிகர்கள் சாப்பிட்டுக்கொண்டே கேள்வி கேட்கலாம். அந்த வியாழன் கடையில் நிற்க இடமில்லை. லூரீன் பேருந்துச் சீருடையோடு வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் இருந்தவர் கேள்வி கேட்கவில்லை, வெறுமனே நன்றி சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு மைக் அவள் கைக்கு வந்தது.

"வெள்ளிக்கிழமை நூத்தி இருபத்திநாலு பந்து," என்று நோட்டைப் பார்த்து வாசித்தாள். "ஞாயித்துக்கிழமை எழுபத்தொண்ணு. நடுவுல ஒரே ஒரு நாள். ஏன் கோச்?"

ஹார்ட்விக் புன்னகை மாறாமல் சொன்னார்: "டால்டன் போராளி. பந்தைக் குடுங்கன்னு அவனே என்கிட்ட கேட்டான்."

"இருபத்தொரு வயசுப் பையன் கேட்கத்தான் செய்வான். என் பஸ்ல ஏர்ற பயலுக ஸ்டியரிங்கைக் குடுன்னு தினமும் கேக்குறாங்க. நான் குடுக்குறேனா? மாட்டேன்னு சொல்றதுக்குத்தான் சம்பளம் வாங்குறோம், நீங்களும் நானும்."

 பின்னாலிருந்து யாரோ, "உக்காரும்மா," என்றான். இன்னொருவன் ஊளையிட்டான். அவள் மேலும் பேசினாள், ஆனால் மைக்கை அணைத்துவிட்டார்கள். எதிர்மேசையில் ஹாய்ட் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிமிரவே இல்லை.

மறுநாள் காலை போன் செய்தார். "கமிட்டி கூடிச்சு லூரீன். உன் இடத்தை வேற ஒருத்தருக்குக் குடுக்கலாம்னு. கொஞ்ச நாளைக்கு மட்டும்."

"கமிட்டின்னா யாரு?"

அவர் நாலைந்து பெயர்களைச் சொன்னார், தன் பெயரை விட்டுவிட்டு.

"நீயும் கை தூக்குனியா?"

"நான் தலைவர். வேற என்ன செய்யச் சொல்ற?"

"அந்தப் பலகைய அடிச்சதே நான்தான் ஹாய்ட். ஆணி நீ வாங்கிட்டு வந்த, அதுவும் தப்பான சைஸ்ல." போனை வைத்துவிட்டாள். சமையலறைக்கும் வாசலுக்குமாக அரைமணி நேரம் நடந்தாள். அவள் கணவன் வெர்னனுக்கு பேஸ்பால் என்றால் கொட்டாவி வரும். அவன் தூண்டிலுக்குக் கயிறு கட்டிக்கொண்டே, "நான் போய் அவனை ரெண்டு கேட்டுட்டு வரவா?" என்றான். வேண்டாம் என்றாள்.

தேசியப் போட்டியில் மீன்கொத்திகள் இரண்டு ஆட்டம் ஆடி இரண்டிலும் தோற்றுத் திரும்பின. ஜூலையில் எந்த அணியும் டால்டனின் பெயரைச் சொல்லவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஒரு மாலை அவனே வந்தான். அவன் அம்மா ஷெர்லின் காரை ஓட்டி வந்திருந்தாள். கையில் இரும்புப் பட்டை போட்டிருந்தான். லூரீன் உள்ளே வரச் சொன்னாள். அவன் படியிலேயே நின்றான்.

"நான்தான் கேட்டேன் மிஸ் லூரீன். பந்தை நான்தான் கேட்டேன். நீங்க ரேடியோவுல என்னைச் சின்னப் பயலாக்கிட்டீங்க. உங்களாலதான் மத்த டீம்காரன் எல்லாம் என் கை கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணிட்டான்."

அது உண்மை இல்லை என்று இருவருக்குமே தெரியும். 

"கோவப்படு. உனக்கு உரிமை இருக்கு," என்றாள். "ஆனா ஒண்ணு கேளு. ஏழாவது இன்னிங்ஸ் முடிஞ்சப்ப நாப்பத்தாறுன்னு என் நோட்டுல இருந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எந்திரிச்சுக் கைதட்டுனேன். நீ என் மேல கோவப்படணும்னா அதுக்குப் படு. பேசுனதுக்குப் படாத."

அவன் கைப்பட்டையைப் பார்த்தான். "எல்லாரும்தான் தட்டுனாங்க."

"ஆமா. எல்லாரும்தான்."

காரின் கண்ணாடி இறங்கியது. ஷெர்லின் எட்டிப் பார்த்தாள். "அந்த நோட்டுல இருந்து எனக்குப் பிரதி வேணும். இந்த வருஷம் முழுசும்."

"அம்மா, வேணாம்மா."

"நீ வண்டில ஏறு டால்டன். எட்டு வாரமா உன் பேச்சைக் கேட்டாச்சு."

லூரீன் நோட்டையே எடுத்துக் கொடுத்தாள்.

ஷெர்லின் பக்கங்களைப் பிரதி எடுத்துக் கல்லூரி நிர்வாகத்துக்கும் பத்திரிகைக்கும் அனுப்பினாள். பத்திரிகையில் கால் பக்கம் வந்தது. நிர்வாகம் விசாரித்தது, விதி எதுவும் மீறப்படவில்லை என்றது. அக்டோபரில் ஹார்ட்விக்கின் ஒப்பந்தத்தை இரண்டு வருஷம் நீட்டித்தார்கள். நோட்டு தபாலில் திரும்பி வந்தது, கூடவே, விசாரணை முடிந்த கதையைச் சொல்லும் ஷெர்லினின் நாலு வரியும். அதைப் படித்த அன்று லூரீன் பேருந்தின் கதவை அறைந்து சாத்தியதில் கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

அடுத்த பிப்ரவரியில் மற்றவர்களைப்போல டிக்கெட் வாங்கி, டக்அவுட்டுக்கு நேர் மேலே உள்ள இருக்கையில் உட்கார்ந்தாள். வலது வேலிப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பிட்சர் தொண்ணூறைத் தாண்டியதும் எண்களை உரக்கச் சொல்ல ஆரம்பித்தாள். கத்தவில்லை. பேருந்தின் கடைசி இருக்கைக்குக் கேட்கிற குரலில் எண்களை மட்டும் சொன்னாள். முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். இரண்டாவது ஆட்டத்தில் மைதானக் காவலாளி வந்தார்.

"மேடம், புகார் வந்திருக்கு."

"என்னன்னு?"

"நீங்க எண்ணுறீங்களாம்."

"எண்ணக்கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு? காட்டு, வாயை மூடிக்கிறேன்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

மார்ச்சில் ஒரு பிட்சரை ஹார்ட்விக் நூற்று முப்பது வரை விட்டார். ஒவ்வொன்றையும் அவள் சொன்னாள். ஏப்ரலில் இன்னொருவனை நூற்று நான்கிலேயே மாற்றினார். அவள் குரல் காரணமா, அந்தப் பையன் சரியாக எறியாதது காரணமா, யாருக்கும் தெரியாது. டால்டன் அந்த வருஷம் எறியவில்லை. அதற்கு அடுத்த வருஷம் வேறொரு சின்னக் கல்லூரிக்காக எறிந்தான். பழைய வேகம் வரவில்லை.

அந்த ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை அவள் கிளம்பும்போது வெர்னன் கேட்டான்: "போறப்பவும் கோவம், வர்றப்பவும் கோவம். எதுக்குத்தான் போற?"

லூரீன் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். "அந்த ஆள் இங்க வந்து ஆறு வருஷம் ஆகுது வெர்னன். நான் முப்பத்திரண்டு வருஷமா போறேன். என் டீமை அவன்கிட்ட விட்டுட்டு வீட்டுல உக்காரச் சொல்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"சொல்லாத." அவள் தொப்பியை மாட்டிக்கொண்டு வண்டிச் சாவியைத் தேடினாள். முதல் பந்துக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.