பிளக்கைக் கழற்றிய பின் செய்ய வேண்டியவை

1

வலிகாமம் வாழ் பெருமக்களுக்கும், பனிதேசங்களில் பரந்து வாழும் அவர்தம் உறவினர்களுக்கும், வரலாற்றுப் பொறுப்புணர்ந்து அறியத்தருவது: மானிப்பாயில் ஒரு பேஸ் கிற்றார் அம்பிளிஃபையர் வேலை செய்யவில்லை.

இக்கதை பிறந்தது அங்கேதான். மின்விசிறியைத் திருத்தக் கொடுக்கப் போயிருந்தேன். கடைக்காரன் ஜெயசுதன் மேசையில் இருந்த அந்தப் பெட்டியைத் தொடாமல், கட்டிவைக்காத நாயைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றான். மின்சாரம் பற்றி எனக்குத் தெரிந்தது மாதாந்த பில் மட்டும். பயம் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். எழுதத் தொடங்கிவிட்டேன்.

2

"மாலைக் கதிரவன் பொன்னொளி பரப்ப, கலைஞன் ஜெயசுதன்..."

(கடைக்கு ஜன்னலே இல்லை. வெட்டிவிட்டேன்.)

2, மறுபடியும்

பெட்டியின் சொந்தக்காரர் ஏர்னெஸ்ட், தேவாலயப் பாடகர் குழுவின் தலைவர். குழுவில் பாடத் தெரியாத ஒரே ஆள் என்பதால் ஏகமனதாகத் தெரிவானவர்.

"தம்பி, இது லண்டன் சாமான். கண்டவன் நிண்டவன் கைவைக்கிற சாமானில்லை. ஞாயிறு அறுப்பின் பண்டிகை, தெரியும்தானே?"

"பியூஸ் இருக்க வேண்டிய இடத்திலை செப்புக் கம்பி சுத்திக் கிடக்கே, ஐயா?"

"அது... லண்டனிலையே சுத்தியிருப்பினம்."

"பழைய சைக்கிள் டைனமோ வயர் மாதிரிக் கிடக்கு."

"லண்டனிலையும் சைக்கிள் இருக்கு, தம்பி."

பியூஸ் என்பது, கூடுதல் மின்சாரம் வந்தால் முதலில் சாகும்படி நியமிக்கப்பட்ட மெல்லிய கம்பி. அதன் இடத்தில் தடித்த கம்பியைச் சுற்றினால் கம்பி சாகாது, உள்ளேயிருப்பவை சாகும்.*

* இது எனக்குத் தெரியாமல் தத்துவமாகியிருந்தால் மன்னிக்கவும்.

3

ஏர்னெஸ்ட் போனபின் ஜெயசுதன் சரியான பியூஸைப் போட்டுச் சுவிச்சைத் தட்டினான். உள்ளே கண்ணாடிக் குழாய்கள் சிவந்தன. சத்தம் வரவில்லை. எங்கோ 'டிக்' என்று ஏதோ வெடித்தது, கருகல் மணம் வந்தது. பிளக்கைப் பிடுங்கினான்.

பயம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இந்தப் பெட்டிகளுக்குள் கப்பாசிற்றர் என்று சிறு தகரக் குப்பிகள் உண்டு, மின்சாரத்தைச் சேர்த்துவைப்பவை. ஐந்நூறு வோல்ற் வரை. வழமையாகத் தானாகவே வடிந்துவிடும். வடியும் பாதை எரிந்திருந்தால் வடியாது. உள்ளேயே காத்திருக்கும்.

மனைவி றஜனி எட்டிப் பார்த்தாள்.

"பிளக்கைக் கழற்றியாச்சுதானே?"

"மார்ச்சிலையும் கழற்றித்தான் கிடந்தது."

மார்ச்சில் நடந்தது இவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். வேறொருவருடைய அம்பிளிஃபையர் அவனைச் சுவரோடு அறைந்தது. குளியலறையில் வழுக்கியதாக ஊருக்குச் சொன்னான். வலக்கையின் இரண்டு விரல்களுக்கு இன்னும் சூடு தெரியாது, குளிர் தெரியாது. அதன்பிறகு அப்படியொரு பெட்டியை அவன் திறந்ததில்லை.

"இஞ்சேருங்கோ, ஏலாதெண்டு சொல்லி அனுப்புங்கோவன்."

"ஏனெண்டு கேப்பார்."

"பயமெண்டு சொல்லுங்கோ."

"அந்தாள் ஞாயிற்றுக்கிழமை மைக்கிலை சொல்லும்."

"நீங்கள் செத்தாலும் மைக்கிலைதான் சொல்லும்."

ஜெயசுதன் துணிந்து கையை உள்ளே

(இந்த வசனத்தை முடிக்க எனக்குத் துணிவில்லை.)

4

நீக்கப்பட்டது. அதில் அவன் இறந்துபோனான். விமர்சகர்களுக்குப் பிடித்திருக்கும். ஆனால் றஜனி சுவரைப் பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டாள். அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

5

இன்னொரு முடிவும் கைவசம் இருந்தது. பெட்டி உயிர்பெறுகிறது, தேவாலயம் அதிர்கிறது, ஏர்னெஸ்ட் நாற்பது நிமிடம் நன்றியுரை ஆற்றுகிறார், ஜெயசுதனின் பெயர் மட்டும் விடுபட்டுப்போகிறது. நம்பக்கூடிய முடிவுதான். ஆனால் அதற்கும் முதலில் ஒரு கை உள்ளே போக வேண்டும்.

6

பின்பக்கத் தகட்டைக் கழற்றினான். ஒரு கையால் மட்டும் வேலை செய்ய வேண்டும், மற்றக் கை காற்சட்டைப் பையில் இருக்க வேண்டும் என்பது தொழில் விதி. மின்சாரம் நெஞ்சைக் குறுக்கே கடக்கக் கூடாது. ஜெயசுதன் இடுப்பில் கட்டிய சாரத்தோடு நின்றான். பை இல்லை. இடக்கையைச் சாரக் கட்டுக்குள் செருகிக்கொண்டான். சிரிப்பதற்கென்றே நான் வைத்த இடம் இது. றஜனி சிரிக்கவில்லை.

வோல்ற் அளக்கும் மீற்றரின் கறுப்பு வயரைப் பெட்டியின் உள் இரும்புச் சட்டத்தில் கொளுவினான். சிவப்பு முனையால் கப்பாசிற்றரைத் தொட்டான்.

"எவ்வளவு காட்டுது?"

"சைபர்."

"பொறுங்கோ, வடிவாப் பாருங்கோ."

"சைபர்தானப்பா."

"எண்டால் தொடலாமே?"

"தொடலாம்."

மீற்றரைக் கீழே வைத்தான். "ஆண்டவரே" என்றாள் றஜனி, மூச்சுக்குள். கை மெல்ல உள்ளே போனது. இன்னும் ஓர் அங்குலம் இருக்கையில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

வாசகரே, அந்த அங்குலத்தை உங்களிடம் ஒப்படைக்கிறேன். தொடச் சொல்லுங்கள், அல்லது கையை எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் என்னைவிடத் துணிச்சலானவர்கள். தொடச் சொல்லுவீர்கள் என்றே நினைக்கிறேன்.

மீற்றரின் கறுப்பு வயர் உறைக்குள்ளே அறுந்திருக்கிறது. எதை அளந்தாலும் அது சைபர்தான் காட்டும்.