போனுக்குப் பின்வாசல் இல்லை

ஷிப்ட் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து நான் அபிப்பிராயம் சொல்லாத விஷயம் உலகத்தில் பாக்கி இல்லை. மெட்ராஸில் யார் ஆள வேண்டும், டெல்லியில் யார் ஆளக் கூடாது, சம்பளப் பட்டியல் போட வரப்போகிறது என்று பேசிக்கொள்கிறார்களே அந்தக் கம்ப்யூட்டர் எத்தனை குமாஸ்தாக்களை வீட்டுக்கு அனுப்பும், பெண்கள் மொபெட் ஓட்டலாமா (தாராளமாக ஓட்டலாம்), எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் உண்டு. ஐந்தாம் பிளாக்கில் ஏறினால் நிலக்கரி மைன்ஸ் வாசலில் இறங்குவதற்குள் ஒரு மந்திரிசபையையாவது கலைத்துவிடுவேன். பக்கத்தில் அய்யாசாமி உட்கார்ந்திருப்பார். எலெக்ட்ரீஷியன், கோபிசெட்டிபாளையத்துக்காரர். நான் எதைச் சொன்னாலும் அதற்கு எதிராகச் சொல்வதைத் தன் கடமையாக வைத்திருந்தார்.

எண்பத்தொன்றாம் வருஷம் ஆடி மாதத்தில் ஓர் உத்தரவு வந்தது. பெல்ட் செக்‌ஷனில் ஆறு ஃபோர்மேன்களுக்குக் குவார்ட்டர்ஸிலேயே போன் வைத்துக் கொடுக்கப் போகிறார்கள். ஆறில் ஒருவன் நான். மண்ணையும் நிலக்கரியையும் மைல் கணக்கில் சுமந்து ஓடுகிற கன்வேயர் பெல்ட் அறுந்தால், அதை ஒட்டி ஜாயின்ட் போடுவது என் வேலை. பெல்ட் நம் சௌகரியம் பார்த்து அறுவதில்லை. கூப்பிட்டவுடன் வர ஆள் வேண்டும், அதற்காகப் போன். மற்ற ஐந்து பேரும் செக்‌ஷனில் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தார்கள். நான் மட்டும் கொடுக்கவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அதுவரை எங்களைக் கூப்பிட வருகிறவர் பெரியண்ணன். வளையமாதேவிப் பக்கத்து ஆள், கான்ட்ராக்டில் இருந்தார். சைக்கிளில் வருவார், கையில் ஒரு நோட்டு. தெருமுனையில் திரும்பும்போதே இரண்டு தரம் மணி அடிப்பார். குறுக்கே ஒரு கோழிகூட வராத தெரு அது. அந்த மணி எங்களுக்காக. போக இஷ்டம் உள்ளவன் வீட்டில் இருப்பான். இல்லாதவன் பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்கு நழுவிவிடுவான்.

"பெல்ட்டு அறுந்து அல்லாரும் நின்னுகினு இருக்காங்கம்மா. சார் வூட்டுல இருக்காருங்களா?" என்பார் பெரியண்ணன்.

"அவர் சேத்தியாத்தோப்பு போயிருக்காரே," என்பாள் என் மனைவி விஜயகுமாரி.

"சரிங்கம்மா." நோட்டில் 'ஆள் இல்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். கொடியில் என் லுங்கி ஈரம் சொட்டிக்கொண்டிருக்கும், என் செருப்பு வாசற்படியில் கிடக்கும். ஒன்றும் அவர் கண்ணில் படாது. அவரைப் போல ஒரு பெரிய மனுஷனை நான் ஆபீஸர்களில்கூடப் பார்த்ததில்லை.

என்னைச் சோம்பேறி என்று நினைத்துவிட வேண்டாம். வியாழக்கிழமை எனக்கு வார விடுமுறை. நாலு வியாழன் கூப்பிட்டால் மூன்று தரம் போய்விடுவேன். நாலாவது தரம் மட்டும் எனக்கு. அந்த ஒரு நாளும் போய்விட்டால் நான் பெல்ட்டோடு சேர்ந்து சுற்றுகிற ஒரு உருளை, அவ்வளவுதான்.

பஸ்ஸில் இதைத்தான் சொன்னேன். "அது போன் இல்ல, கால் விலங்கு. பெரியண்ணனுக்குத் தெரியாம பின்வாசல்ல போகலாம். போனுக்குப் பின்வாசல் ஏது? நாளைக்கு எல்லார் வீட்டுலயும் இதை வைப்பான். அப்புறம் மனுஷனுக்கு ஒளிய இடமே இருக்காது. சுதந்திரம்னா என்னன்னு இந்த நாட்டுல எவனுக்கும் தெரியல."

அய்யாசாமி நிதானமாகக் கேட்டார். "ஏனுங்க பரமசிவம், எமர்ஜென்சி சமயத்துல இதே சீட்டுல உக்காந்து என்ன பேசினீங்க?"

பதிலையும் அவரே சொன்னார்.

"கத்திரிக்காய்ச் செடிக்குப் பூச்சி மருந்து அடிக்கிறதப் பத்திப் பேசினீங்க. முழுசா ரெண்டு வருசம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங்க, நானும் அதத்தான பேசினேன்."

பஸ்ஸே சிரித்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்னது நிஜம் என்பதால் இரண்டு மடங்கு வந்தது.

அன்று சாயங்காலமே போன் வேண்டாம் என்று ஒரு கடிதம் எழுதினேன். வார விடுமுறை என் உரிமை என்றுதான் ஆரம்பித்தேன். அதைப் படித்தால் இன்ஜினியருக்கு என்ன தோன்றும் என்று யோசித்து, கிழித்துப் போட்டுவிட்டு வேறு காரணம் எழுதினேன். எழுதி மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனது என் தப்பு. திரும்பி வந்தபோது கடிதம் விஜயகுமாரி கையில் இருந்தது.

"யாருக்கு இதய பலவீனம்?" என்றாள்.

"சும்மா ஒரு இதுக்கு எழுதினது."

"போன் மணி அடிச்சா உங்க மனைவிக்குப் படபடப்பு வந்துடும்னு எழுதியிருக்கீங்க. அந்த மனைவி நான்தானே?"

"வேற என்னத்த எழுதச் சொல்ற?"

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், விஷயம் அதோடு முடிந்திருக்கும். "பதினோரு வருஷமா நீங்க பின்னாடி முருங்கை மரத்தடியில சுதந்திரமா நிக்கிறீங்க. முன்னாடி நின்னு பொய் சொல்றது யாரு? அந்த மனுஷன் மூஞ்சியப் பாத்துச் சொல்றேன். அவரும் நம்பின மாதிரி எழுதிக்கிட்டுப் போறாரு. அவர் போனப்புறம் எனக்குக் கூசுது. சேத்தியாத்தோப்பு, சேத்தியாத்தோப்புன்னு சொல்றேனே, அந்த ஊரை இன்னிக்கு வரைக்கும் நான் கண்ணால பாத்ததில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"போன் வரட்டும்," என்றாள். "ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்ல கமலாவுக்குப் போன் இருக்கு, அவகிட்டப் பேசுவேன். ஆனா வியாழக்கிழமை மணி அடிச்சா நான் எடுக்க மாட்டேன். போறதா இருந்தா போங்க. முடியாதுன்னா, முடியாதுன்னு உங்க வாயால சொல்லுங்க."

கமலா அவளோடு கோவில்பட்டியில் ஒரே பெஞ்சில் படித்தவள், இங்கே நர்ஸ். ஒரே டவுன்ஷிப்பில் இருந்தும் இரண்டு பேரும் மாதத்துக்கு ஒரு தரம் பார்த்துக்கொண்டால் அதிகம். கடிதத்தை நாலாக மடித்து அடுப்படிக்குக் கொண்டுபோனாள். தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலுக்கு மூடி தொலைந்து ஒரு வாரமாகியிருந்தது. அதற்கு உதவியது.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. உங்கள் வாயால் சொல்லுங்கள் என்றாளே, அது சுருக்கென்று குத்தியது. எத்தனையோ மந்திரிகளைப் பதவி விலகச் சொன்னவன் நான். மேலே இருக்கிற ஒருவரிடம் 'முடியாது' என்று நேருக்கு நேர் ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. கேவலமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை போன் வந்தது. கறுப்பு, நல்ல கனம். ரேடியோவை நகர்த்திவிட்டு, ஸ்டாண்டில் ஒரு பூத்தையல் துணியை விரித்து அதன்மேல் விஜயகுமாரி போனை வைத்தாள். பிளாக்கில் பாதிப் பேர் வந்து காதில் வைத்துக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அது அடித்தது. விஜயகுமாரி வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. என் கால் தானாகப் பின்வாசல் பக்கம் இரண்டு அடி வைத்துவிட்டது. அங்கே போய் என்ன செய்ய? நான் தோட்டத்தில் நின்றாலும் அது அடித்துக்கொண்டுதான் இருக்கும். ஏழாவது மணிக்கு எடுத்தேன்.

இன்ஜினியர் தெய்வசிகாமணி. "பரமசிவம், மூணாம் நம்பர் பெல்ட் போயிடுச்சு. வர முடியுமா?"

"சார், இன்னிக்கு என்னோட ஆஃப்."

"தெரியும். அதான் கேக்கறேன்."

சாவு வீடு, காய்ச்சல், சேத்தியாத்தோப்பு, எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றன. எல்லாவற்றையும் விழுங்கினேன். "வர முடியாது, சார்."

"சரி. வெள்ளைச்சாமியக் கேக்கறேன்." வைத்துவிட்டார்.

ரிசீவரைப் பிடித்தபடி நின்றேன். அடுத்து என்னவோ வரப் போகிறது என்று காத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் ரோஷமாகக்கூட இருந்தது. நான் இல்லாமல் முடியாது என்று ஒரு வார்த்தை கெஞ்சியிருக்கலாம் மனுஷன்.

"என்ன சொன்னாரு?"

"சரின்னுட்டாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வாழைப்பூக் கறை படிந்த கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். அவளைப் பார்த்து நானும் சிரித்தேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வேறு எந்த வியாழக்கிழமையும் இருந்ததில்லை.

கையைக் கழுவிக்கொண்டு வந்து கமலாவின் நம்பரைச் சுற்றினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கமலா என்னைப் பற்றி விசாரித்திருக்க வேண்டும்.

"வேலைக்கா? இல்லடி, வீட்லதான் இருக்காரு," என்றாள் விஜயகுமாரி. அது போதாது என்று, தெருவுக்கே கேட்கும்படி இன்னொரு தரம் சொன்னாள். "ஆமாடி, வீட்லதான் இருக்காரு!"