சாய்ந்த சீகை மரம்

1

இந்தக் கதை ஒரு சண்டையில் தொடங்கியது. எங்கள் மலையூர் அரவேணுவுக்கு மேலே அரசுக் காட்டில் எங்களுக்குச் சீகை மரம் வெட்டும் கூலி வேலை. சீகை என்றால் சீகைக்காய் இல்லை, வெள்ளைக்காரன் கொண்டுவந்து நட்டு, காட்டையே அடைத்துக்கொண்ட வேற்று மரம். மொத்தமாக வெட்டக் கூடாது. தரையில் வெயில் விழுந்தால் சீகையே மறுபடி முளைக்கும். கொஞ்சம் நிழல் விட்டால்தான் அடியில் இந்த மண்ணின் சோலை மரக் கன்று பிழைக்கும். அதனால் வெட்டலாம் என்று காட்டிலாகா சாயம் பூசிய மரத்தை மட்டும் வெட்டுவோம். ஓடையின் இரு கரையிலும் கத்தியே படக் கூடாது.

'பனி மூடிய மலையில் ஓர் ஓடை சலசலவென்று…'

[வேண்டாம். இந்தக் கோடையில் அது சலசலக்கவில்லை. கசிந்தது. நாற்பது வயசுக்கு மேல் எழுத்துக் கற்றவன் நான். பொய் எழுதினால் கை வலிக்கிறது.]

2

கரையில் ஒரு சீகை, வேர் பாதி கிளம்பிச் சாய்ந்து நின்றது. அதற்கு நேர் கீழே, என்னோடு வேலை செய்யும் பிலோமி குடியிருக்கும் தேயிலைத் தோட்ட லயத்துக்குக் குடிதண்ணீர் போகும் குழாய். மழையில் மரம் விழுந்தால் கரையும் போகும், குழாயும் போகும். எங்களை மேற்பார்க்கும் வனக் காவலர் விமலிடம் பிலோமி கேட்டாள்.

"ஏனுங்க கார்டு சார், இந்தச் சனியனை வெட்டிப்போடலாமுங்களா?"

"கரையில வெட்டக் கூடாதுங்கக்கா. ஆர்டரு."

"விழறப்போ உங்க ஆர்டரைக் கேட்டுட்டா விழும்?"

நான் சும்மா இருக்காமல், "விழுந்தா விறகாச்சு" என்றேன்.

"தண்ணியில்லாம விறக வெச்சு என்னத்தைக் காய்ச்சறது? உங்க தலையவாண்ணா?"

(கார்டு விமலை முதலில் கெட்டவனாக எழுதினேன். முரட்டு மீசைகூட வைத்தேன். ஆனால் அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஓடைக்குள் இறங்கி, வேரைத் தடவிப் பார்த்தார். அதை எழுதிய பிறகு மீசை ஒட்டவில்லை. எடுத்துவிட்டேன்.)

3

விமல் பாறைமேல் ஏறி, போனில் சிக்னல் பிடித்து, தன் மேலதிகாரி ரேஞ்சரைக் கேட்டார். திங்கட்கிழமை வந்து பார்க்கிறாராம். மேகமோ இன்றைக்கே ஏறிக்கொண்டிருந்தது.

முடிவு ஒன்று: ராத்திரி மழை. மரம் விழுந்தது. குழாய்…

இதைச் சாப்பாட்டு நேரத்தில் பிலோமிக்குப் படித்துக் காட்டினேன்.

"என் கொழாய ஒடைக்க உங்களுக்கு யாருண்ணா ஆர்டர் குடுத்தா?"

முடிவு இரண்டு: ரேஞ்சர் வந்தார், வேரை விட்டு மேலே கிளைப் பாரத்தை மட்டும் கழிக்கச் சொன்னார்.

"இது தேவலை. ஆனா திங்கக்கெழமை வரைக்கும் அத யாரு புடிச்சு நிக்கறது? நீங்களா?"

அதைக் கேட்டு விமல் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி மேட்டைப் பார்த்தார். அங்கே, இன்று நாங்கள் வெட்டவேண்டிய தடித்த சீகை ஒன்று சாயம் பூசி நின்றது. எழுந்துபோய் அதன் சாயத்தைக் கத்தியால் சுரண்டினார். "இது நிக்கட்டும். கயிறு எடுத்துட்டு வாங்க."

4

சாய்ந்த மரத்தை மேட்டு மரத்தோடு இழுத்துக் கட்டினோம். பிலோமி நம்பாமல் இன்னொரு சுற்றுச் சுற்றினாள். முதல் துளி விழுந்தது. கயிறு விண்ணென்று நின்றது. கீழே குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. திங்கட்கிழமை இன்னும் வரவில்லை. வேண்டுமானால் நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் பிலோமிக்குப் படித்துக் காட்டாமல் முடிக்காதீர்கள்.