எல்லோரும் சம்மதித்த ஸ்டூல்

என் கணவர் கேட்டது ஒரு ஸ்டூல். அதைக் கொடுக்கத்தான் எங்கள் சலவை ஆலைக்கு அத்தனை சமத்துவமும் தேவைப்பட்டது.

ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் வெளுத்து அனுப்பும் ஆலை அது. நான் கிழிசல் தைக்கும் பிரிவு. தையல் மெஷினோடு நாற்காலியும் வந்துவிடும் என்பதால் எனக்கு உட்கார்ந்த வேலை. அவருக்குக் கறை பார்க்கும் மேஜை. பெரிய விளக்கின் கீழே ஒவ்வொரு விரிப்பாக விரித்துப் பார்த்து, கறை இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். ஷிப்ட் முழுக்க நின்றபடிதான். காலில் நரம்பு சுருண்டு கணுக்காலில் புண் வந்தபோது டாக்டர் மாத்திரையை எழுதிவிட்டு, "அதெல்லாம் அப்புறம். முதல்ல உக்காந்து வேலை பாருங்க" என்றார்.

பழைய சூப்பர்வைசரை நாங்கள் சிடுமூஞ்சி என்போம். வாயைத் திறந்தால் வசவு. அவராக இருந்தால், "துரைக்குச் சிம்மாசனம் கேக்குதோ?" என்று கத்திவிட்டு, ஒரு ஸ்டூலைக் காலாலேயே எங்கள் பக்கம் தள்ளிவிட்டுப் போயிருப்பார். அவரை நல்லவர் என்று சொல்ல வரவில்லை. அவருடைய வசவு எங்காவது ஓர் இடத்தில் முடியும்.

அவர் இடத்துக்கு வந்த மேனேஜருக்கு 'வட்டம்' என்று பெயர் வைத்தோம். வந்ததும் கூட்ட அறையிலிருந்த நாற்காலிகளை எல்லாம் வெளியேற்றினார். உட்கார்ந்தால் முன்வரிசை, பின்வரிசை வந்துவிடுமாம். வட்டமாக நின்றால் எல்லோரும் சமம். ஒரு பழைய துண்டைப் பந்தாகச் சுருட்டித் தைத்துத் தரச் சொன்னார். தைத்துக் கொடுத்தது நான்தான். பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே பேசலாம். முடிவென்றால் எல்லோரும் கை தூக்க வேண்டும். ஒரு கை கீழே இருந்தாலும் பேச்சு அடுத்த கூட்டத்துக்குப் போகும்.

"என்னை சார்னு கூப்பிடாதீங்க. நானும் உங்கள்ல ஒருத்தன்தான்" என்றார்.

"சரிங்க சார்" என்றார் பாய்லர்காரர்.

அந்த வட்டத்தில் பந்து ஒருநாள் என் கணவர் கைக்கு வந்தது. "கால் முடியல. ஒரு ஸ்டூல் குடுத்தீங்கன்னா உக்காந்து பாத்துக்குவேன். வேற ஒண்ணுமில்ல" என்றார்.

மேனேஜரின் முகம் மலர்ந்தது. "இப்படி மனசு திறந்து பேச எவ்வளவு தைரியம் வேணும்! எல்லாரும் கை தட்டுங்க." தட்டினோம். "இதைக் கேட்டதும் உங்களுக்கெல்லாம் என்ன தோணுது?"

கேட்காமல் இருந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தோன்றியிருக்காது. கையில் பந்து வந்தபின் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியுமா? ஆளுக்கொன்றைத் தேடிப் பிடித்தார்கள்.

"எனக்குந்தான் இடுப்பு விட்டுப் போகுது. நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?" என்றாள் மடிப்பு மேஜை அக்கா.

"எனக்கு வேணாம்பா. பாய்லர் பக்கத்துல உக்காந்தா, எந்திரிக்கறப்ப அப்பளமாத்தான் எந்திரிப்பேன்" என்றார் பாய்லர்காரர். எல்லோரும் சிரித்தோம். கை தூக்கச் சொன்னபோது அக்காவின் கை மட்டும் எழவில்லை.

"அருமை!" என்றார் மேனேஜர். "அப்ப இது ஒரு ஸ்டூலைப் பத்தின விஷயமே இல்ல. நம்ம எல்லாரோட விஷயம்." உடனே இருக்கைக் குழு ஒன்று பிறந்தது. அதற்குத் தலைவர் என் கணவர். குழு கூடும் நாட்களில் ஷிப்ட் முடிந்த பிறகும் அவர் நிற்க வேண்டியிருந்தது.

"நிக்கறதுக்கு என்னைத் தலைவனாக்கிட்டாங்கம்மா" என்று வீட்டில் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்தார். "நல்லவேளை, படுக்க இடம் கேக்கல. மந்திரியாக்கியிருப்பாங்க."

"உங்களுக்கு எல்லாம் சிரிப்புதாங்க. நம்ம சமையக்கட்டு ஸ்டூல நாளைக்குத் தூக்கிட்டு வரேன்" என்றேன்.

கொண்டுபோனேன். மேனேஜர் அதைப் பார்த்து உண்மையாகவே வருந்தினார். "ஒருத்தர் மட்டும் வீட்டுலேர்ந்து கொண்டுவந்து உக்காந்தா, மத்தவங்க மனசு என்ன பாடுபடும்?" என்று மெதுவாகச் சொல்லி, தன் கையாலேயே அதை எடுத்துப்போய் வாசல் காவலரிடம் வைத்தார். காவலர் அன்று முழுக்க அதில் சுகமாக உட்கார்ந்திருந்தார். மறுநாள் மேனேஜர் தன் அறை நாற்காலியையும் வெளியே போட்டுவிட்டு, நின்றுகொண்டே கம்ப்யூட்டர் பார்க்கத் தொடங்கினார். எங்களோடு ஒற்றுமையாம். அவர் கால் நல்ல கால்.

அக்கா என் மெஷின் அருகே வந்து, "நான் சும்மா பேச்சுக்குச் சொன்னதும்மா. அடுத்த தடவை கையத் தூக்கிடறேன்" என்றாள். சொன்னபடியே தூக்கினாள். அன்றைக்குக் கீழே இருந்தது மேனேஜரின் கை. இரவு ஷிப்ட்காரர்கள் இல்லாமல் முடிவெடுத்தால் அவர்கள் தங்களை ஒதுக்கிவிட்டதாக நினைப்பார்களாம்.

இரவு ஷிப்ட்டைக் கலந்து பேசுவதற்குள் என் கணவர் போய்விட்டார். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறிவிட்டது என்றார்கள். உட்கார்ந்து வேலை பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். அதனால் நானும் சொல்வதில்லை.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று, மெஷின்களை நிறுத்திவிட்டு ஆலை நடுவிலேயே வட்டம் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு புது ஸ்டூல். வார்னிஷ் வாசனை இன்னும் போகவில்லை. அதன்மேல் என் கணவரின் படம். கறை மேஜைப் பக்கமிருந்து வந்து நின்றாள் அக்கா. அவர் இடத்தில் இப்போது அவளைத்தான் நிறுத்தியிருந்தார்கள்.

மேனேஜருக்குக் கண் கலங்கியிருந்தது. "இந்த ஸ்டூல் நாம எல்லாருமா சேர்ந்து எடுத்த முடிவு. ரெண்டு ஷிப்ட்லயும் ஒரு கைகூட கீழ இல்ல" என்று சொல்லிப் பந்தை என்னிடம் நீட்டினார். "உங்க மனசுல இருக்கறதை எங்களோட பகிர்ந்துக்கங்க."

பந்தை வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் என் தையல் பிரிந்திருந்தது.

"இதைக் கொஞ்சம் புடிங்க சார், எனக்குக் கை வேணும்" என்று அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். படத்தை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஸ்டூலைத் தூக்கினேன். வட்டம் எனக்கு வழிவிட்டது. நேராகக் கறை மேஜைக்குப் போய், விளக்கின் கீழே போட்டேன்.

"உக்காருங்கக்கா."

அக்கா மேனேஜரைப் பார்த்தாள். "ஒரு நிமிஷம்" என்றார் அவர். "இதை எல்லாருமா கலந்து..."

"பந்து அவர் கையிலதானே இருக்கு? அவர் பேசட்டும். நீங்க உக்காருங்க" என்றேன்.

அக்கா மெதுவாக உட்கார்ந்தாள். இடுப்பில் கை வைத்து, "அப்பாடா" என்றாள். மேனேஜர் பேசிக்கொண்டுதான் இருந்தார். பாய்லர்காரர் போய் மெஷினைப் போட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அக்கா முதல் விரிப்பை இழுத்து விளக்குக்குக் கீழே விரித்தாள்.