எதிர்ப்பக்க அறை

அக்கா என்னைக் கப்பலுக்குக் கூப்பிட்ட அழகைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். தொலைபேசியில், எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. "ஒருத்தி போனாலும் ரெண்டு பேர் ரூமுக்குத்தான் காசு வாங்குறாங்க. இன்னொரு கட்டில் சும்மா கிடக்கும். வர்றியா?" என்றாள். நாலு கண்டம், ஏழெட்டுக் கடல், நூற்றுப் பத்து நாள். அதில் சும்மா கிடக்கிற கட்டிலை நிரப்புவதற்கு நான்.

எனக்கு ரோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வீட்டுக்காரர் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. மகன் தூர தேசத்தில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் செல்போனில் முகம் காட்டுவான். மற்ற ஆறு நாளும் நான் குக்கரோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். ஆகவே மனசில் இருந்ததை அப்போதே போட்டு உடைத்துவிட்டேன்.

"வர்றேன். ஆனா திரும்பி வந்ததும் உன்கூடவே வந்து இருந்துடட்டுமா அக்கா? ரெண்டு கிழவிக்கு எதுக்கு ரெண்டு வீடு?"

அக்கா முப்பத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள், அதில் பாதி தலைமை நர்ஸாக. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அவள் வீட்டில் ஒரு டம்ளர் இடம் மாறினால்கூட வாசலில் நுழையும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவளிடம் போய்க் கேட்டிருக்கிறேன்.

"நூத்திப் பத்து நாள் ஒரே ரூம்ல இருந்து பாப்போம். முடிஞ்சதும் சொல்றேன்," என்றாள்.

இது உல்லாசப் பயணமில்லை, எனக்கு வைக்கிற பரீட்சை என்று புரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எந்தப் பரீட்சைக்கும் பயப்படாதவள் நான். இதற்குப் பயந்தேன்.

கப்பலுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. பன்னிரண்டு மாடி. நடந்தால் கால் புதைகிற விரிப்பு. லிஃப்டின் தரையில் அன்றைய கிழமையை எழுதிய பாய் ஒன்று போட்டிருப்பார்கள், தினமும் விடியும் முன் மாற்றிவிடுவார்கள். இத்தனை நாள் வேலை வெட்டி இல்லாமல் தின்று தூங்குகிறவர்களுக்குக் கிழமை மறந்துவிடும் என்று கப்பல்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் அறையில் இரண்டு கட்டில், நடுவில் ஒரு முழம் இடைவெளி. ஒரு சோபா. கடலைப் பார்த்த பால்கனி, அதில் இரண்டு நாற்காலி. குளியலறையில் முழங்கையை நீட்டினால் சோப்பு கீழே விழும்.

முதல் வாரமே அக்கா அலமாரிக் கதவில் ஒரு அட்டவணை ஒட்டிவிட்டாள். யார் எப்போது குளிப்பது, எப்போது விளக்கை அணைப்பது, யார் எந்த மாத்திரையை எப்போது போடுவது. அறையைச் சுத்தம் செய்ய வரும் மீசைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, தனக்கும் அதில் நேரம் குறித்திருப்பதைக் கண்டு அசந்துபோனார். அன்றிலிருந்து சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம் முந்தியே வந்து கதவுக்கு வெளியே நிற்பார்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். விடிகாலை நாலு மணிக்கு அக்கா சின்ன டார்ச் விளக்கோடு என் தலைமாட்டில் வந்து நிற்பாள். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பாள். முதல் நாள் நான் போட்ட அலறலில் பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார்.

"என்னக்கா பண்றே?"

"உயிரோட இருக்கியான்னு பாத்தேன். நீ தூங்கு."

"இருந்தேன். இப்பதான் உயிர் போகத் தெரிஞ்சுது!"

என் பக்கமும் குற்றம் இல்லாமல் இல்லை. இருபத்தொன்பது வருஷம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள் நான். வண்டி வருவதையும் போவதையும் சொல்லிச் சொல்லி, நடப்பதை எல்லாம் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. அதுவும் இரண்டு முறை சொல்ல வேண்டும், தொழில் அப்படி. "நான் குளிக்கப் போறேன். அக்கா, நான் குளிக்கப் போறேன்." "மழை வர்ற மாதிரி இருக்கு. மழை வர்ற மாதிரி இருக்கு பாரு." அக்கா புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல், "கேட்டுச்சு," என்பாள். நானும் வாய்க்குப் பூட்டுப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு காலையும் இன்றைக்கு நல்ல பிள்ளையாக இருப்பது என்று எழுந்திருப்பேன். பல் தேய்ப்பதற்குள் நாலு விஷயம் சொல்லியிருப்பேன்.

அக்காவுக்கு இந்தப் பயணத்தில் ஒரே ஒரு ஆசை இருந்தது. அவள் ஒரு திமிங்கிலத்தைப் பார்க்க வேண்டும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவள் பணம் சேர்த்தது அதற்குத்தான். அதற்கென்றே ஒரு பைனாகுலர் வாங்கிக் கழுத்தில் மாட்டியிருந்தாள். கோபுரம், கோட்டை, அருங்காட்சியகம் என்று துறைமுகத்துக்குத் துறைமுகம் எல்லோரும் இறங்கி ஓடுவார்கள். அவள் கடமைக்கு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பால்கனிக்குத் திரும்பிவிடுவாள். ஐம்பது நாளில் அவள் கண்ணில் பட்டதெல்லாம் பறக்கும் மீன்களும் ஒரு மிதக்கும் பிளாஸ்டிக் வாளியும்தான்.

ஐம்பத்தோராம் நாள் அது நடந்தது. கரையைப் பார்த்து நாலு நாள் ஆகியிருந்தது. காலையில் பலத்த காற்று, மேல்தளத்தை மூடிவிட்டார்கள். இரண்டு பேரும் அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தோம். நான் விடிந்ததிலிருந்து பேசிக்கொண்டிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் பேசினேன். மூன்று மணிக்கு அக்கா புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

"ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம் வாயைத் திறக்காம இருடி. உன்னால முடியாது."

"முடியும்."

"பாப்போம்." கண்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள்.

நான் சோபாவில் கண்ணாடிக் கதவைப் பார்த்து உட்கார்ந்தேன். காற்று அடங்கிக் கடல் அமைதியாகியிருந்தது. மூன்று இருபதுக்கு, கப்பலுக்கு மிகப் பக்கத்தில், நனைந்த தார்ச்சாலை மாதிரி கரேலென்று ஒரு முதுகு எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது. புஸ்ஸென்று தண்ணீரைப் பீய்ச்சியது. முங்கியது. மறுபடி எழுந்தது. மூன்றாம் முறை வாலை அகலமாக விரித்துக் காட்டிவிட்டு, அவசரமே இல்லாமல் உள்ளே போனது.

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

இதற்குச் சமாதானம் சொல்லப் போவதில்லை. வீம்பு, அவ்வளவுதான். முடியாது என்றாளே, முடிகிறதா இல்லையா பார் என்கிற வீம்பு. கைக்கெட்டும் தூரத்தில் அக்கா படுத்திருந்தாள். ஒரு தட்டுத் தட்டியிருந்தால்கூடப் போதும். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரியாக நாலு மணிக்கு, "திமிங்கிலம் வந்துச்சு அக்கா. திமிங்கிலம் வந்துச்சு," என்றேன்.

அக்கா துண்டை எடுத்தாள். "எப்போ?"

"மூணு இருபதுக்கு."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பைனாகுலரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனவள், இருட்டும் வரைக்கும் அங்கேயே நின்றாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லி ஆறியிருப்பேன். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நாலு நாள் கழித்துக் கப்பல் ஒரு துறைமுகத்தில் நின்றது. எங்களுக்கு எதிர் அறையில் இருந்த பல் டாக்டரும் மனைவியும் பாதிப் பயணத்துக்கு மட்டும் சீட்டு வாங்கியவர்கள், அங்கே இறங்கிக்கொண்டார்கள். அன்று மத்தியானம் அக்கா வரவேற்பு மேஜைக்குப் போய்விட்டு வந்தாள்.

"எதிர் ரூம் காலி. புதுசா யாரும் வரலையாம். கேட்டேன், சும்மாவே குடுத்துட்டாங்க. ஒருத்தர் அங்க போயிடலாம்."

ஒருத்தர் என்று பொதுவாகத்தான் சொன்னாள். இருந்தாலும் யாரென்று கேட்கும் அளவுக்கு நான் மக்கு இல்லை. நைட்டி, சீப்பு, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு நடந்தேன். மொத்தம் ஆறு அடி தூரம். அது கப்பலின் உள்பக்கத்து அறை, ஜன்னலே கிடையாது. விளக்கை அணைத்தால் பகலா ராத்திரியா என்று தெரியாது. பாதிப் பரீட்சையிலேயே பேப்பரைப் பிடுங்கிவிட்டார்கள் என்று கட்டிலில் உட்கார்ந்தேன். ஊருக்குப் போனால் என் வீடு, என் நாலு சுவர், பழையபடி.

மூன்றாம் நாள் காலை கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் அக்கா.

"உள்ள வரலாமா?"

பிறந்ததிலிருந்து அக்கா என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. என் பெட்டி, என் பை, என் டைரி எதையும் கேட்காமல் திறக்கிறவள். வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

"அந்தத் திமிங்கிலத்தைப் பத்திச் சொல்லு. ஒண்ணும் விட்டுடாம சொல்லு."

"அக்கா, நான் பண்ணினது பெரிய தப்பு. வேணும்னேதான்..."

"அது எனக்குத் தெரியும். வால் எப்படி இருந்துச்சு?"

சொன்னேன். முதுகு எழுந்துகொண்டே இருந்ததை, அதன்மேல் வழிந்த தண்ணீரை, வாலின் ஓரத்தில் வெள்ளையாகத் தெரிந்த தழும்பை எல்லாம் சொன்னேன். முடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அக்கா "கேட்டுச்சு" என்று சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் கண்ணைத் திறக்காமலே, "இன்னொரு தடவை," என்றாள். என் சர்வீஸில் மூன்றாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் ஒரு திமிங்கிலமும் வரவில்லை. ஆனால் எங்கள் நாட்கள் நன்றாக இருந்தன. உண்மையைச் சொன்னால், அந்த ஐம்பத்துச் சொச்சம் நாளைப் போல நான் சந்தோஷமாக இருந்து வெகு காலம் ஆகியிருந்தது. காலை ஏழு மணிக்கு அக்கா தட்டுவாள். முதலில் மணிக்கட்டு, அப்புறம்தான் காபி. பிறகு அவள் நூலகத்துக்குப் போவாள், நான் நடன வகுப்புக்குப் போய் எல்லோர் காலையும் மிதிப்பேன். சாப்பாட்டு மேஜையில் சந்தித்தால் இரண்டு பேரிடமும் சரக்கு இருக்கும். ஒரே அறையில் இருந்தபோது நான் எதைச் சொன்னாலும் அவளும் அதைப் பார்த்திருப்பாள். இப்போது நடன வாத்தியார் வழுக்கி விழுந்தது அவளுக்குச் செய்தி. நூலகத்தில் இரண்டு கிழவர்கள் ஒரு செய்தித்தாளுக்குச் சண்டை போட்டது எனக்குச் செய்தி. அக்காவுக்கு இவ்வளவு நன்றாகக் கதை சொல்ல வரும் என்று அறுபத்து மூன்று வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

மத்தியானத்தில் இடம் மாற்றிக்கொள்வோம். ராத்திரி டியூட்டி பார்த்துப் பகலில் தூங்கிய உடம்பு அவளுக்கு, என் ஜன்னலில்லாத அறையில் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாள். நான் அவள் பால்கனியில் உட்கார்ந்து கடலுக்கு வண்டிகளின் வருகை புறப்பாடு சொல்லிக்கொண்டிருப்பேன். அது ஒரு முறையும் குறுக்கே பேசவில்லை.

ஆனாலும் உள்ளே ஒரு புழு குடைந்துகொண்டுதான் இருந்தது. நான் கேட்ட கேள்விக்கு அக்கா இன்னும் பதில் சொல்லவில்லை. இந்த அறையே அதற்குப் பதில்தானே என்று நினைத்துக்கொள்வேன். நாட்கள் குறையக் குறைய எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நூற்றேழாம் நாள் ஐஸ்கிரீமை வேண்டாம் என்று தள்ளினேன். அக்கா மேஜைக்கு அடியில் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நாடி நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

நூற்றெட்டாம் நாள் மீசைக்காரர் படிவங்களும் அட்டைகளும் கொண்டுவந்தார். பெட்டிகளைக் கப்பல்காரர்களே அவரவர் வீட்டு வாசலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்களாம். படிவத்தில் விலாசம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், அட்டையைப் பெட்டியில் கட்ட வேண்டும். படிவம் என்று ஒன்று கண்ணில் பட்டால் அக்கா அடுத்தவர் கையில் விட மாட்டாள். என்னுடையதையும் வாங்கிக்கொண்டு போய் எழுதி எடுத்து வந்தாள்.

"படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடு."

படித்தேன். பெயர் சரி. தெரு அவள் தெரு. கட்டடமும் மாடியும் அவளுடையவை. கதவு எண் மட்டும் முப்பத்தொன்று. அவளுடையது முப்பத்திரண்டு.

"கண்ணாடி போட்டுக்கிட்டுத்தானே எழுதின? இது என் வீட்டு விலாசம் இல்லக்கா. உன்னோடது. அதுலயும் நம்பர் தப்பு."

"தப்பில்ல."

"முப்பத்தொண்ணு யார் வீடு?"

"எனக்கு எதிர் வீடு. குடியிருந்தவங்க மாத்தலாகிப் போறாங்கன்னு கிளம்பறதுக்கு முன்னாடியே தெரியும். வீட்டுக்காரம்மாகிட்ட போன்ல உனக்காகச் சொல்லி வெச்சுட்டேன்."

"எப்போ சொன்னே?"

"திமிங்கிலம் கதை கேட்டுட்டுப் போனேன்ல, அன்னிக்குச் சாயங்காலம்."

ஐம்பது நாளுக்கும் மேல். அது தெரியாமல் நான் ஐஸ்கிரீமைக்கூடத் தள்ளினேன். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தால் எதை முதலில் விடுவது என்று தெரிவதில்லை.

"ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னா நீ பேசாம இருப்பியா? தினம் ரெண்டு தடவை அதையே சொல்லுவ." அக்கா பேனாவைத் திறந்து என் கையில் வைத்தாள். "ஒரே வீட்ல இருந்தா உன்னைக் கொன்னுடுவேன்டி. தூரத்துல விட்டா, காலையில யார் கதவைப் போய்த் தட்டுறது நான்? போடு, அவர் வெளிய நிக்கிறார்."

போட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே போட்டதில் அது என் கையெழுத்து மாதிரியே இல்லை. அக்கா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், பரவாயில்லை என்றாள், மீசைக்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்தாள்.